மூன்று நாள் வாசலில் கிடக்கும் மளிகைப் பை

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். வயது 28. முதல் கர்ப்பம், 29 வாரம் முடிந்திருக்கிறது. வீட்டில் கணவர், மாமியார், இவர் என மூன்று பேர். கணவருக்கு ஷிப்ட் வேலை. ஜன்னலை மூடி ஏசி போட்ட ஒரே கூடத்தில் பலரும் சேர்ந்து உட்காரும் இடம். மாமியாருக்கு 64 வயது, பல வருடமாகச் சர்க்கரை நோய். கணவர் வீடு திரும்பும் நேரத்தில் கடைகளில் கூட்டம் நெரிகிறது, இல்லையென்றால் கடை மூடிவிடுகிறது. அதனால் வீட்டுக்குச் சாமான் வாங்கும் வேலை இவர் தலையில்.

கோவிட் வந்ததிலிருந்து இவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வாங்கி வந்த பை மூன்று நாள் வாசலிலேயே கிடக்கும். பால், தயிர் உட்பட எல்லாமே. அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டும் சோப்பு நீரில் கழுவப்படும். காய்கறிக்கும் பழத்துக்கும் ஒரு வாளித் தண்ணீரில் ப்ளீச் ஊற்றி ஊறவைப்பார். போன வாரம் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து அதே வாளியில் வினிகரும் சேர்த்தாராம். கண் எரிந்து, தொண்டை அடைத்து, அரை மணி நேரம் இருமியிருக்கிறார். அதற்குப் பிறகு பச்சைக் காய்கறி, பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டு பிஸ்கட், நூடுல்ஸ் என்று ஓட்டுகிறார். கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. ஆஸ்பத்திரியில் தொற்று இருக்கும் என்று பயந்து இரண்டு செக்கப்புக்குப் போகவில்லை.

கேள்விகள் இவை. நான் கடைக்குப் போகலாமா? ‘நீ போகாதே, நான் போகிறேன்’ என்கிறார் மாமியார், அனுப்பலாமா? வீட்டுக்கே வரவழைத்தால் கொண்டுவருபவர் மூலம் தொற்றாதா? மாஸ்க் போட்டால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையுமா? தடுப்பூசியைக் குழந்தை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா? இதற்கெல்லாம் கீழே ஒரு வரி: “ஏதாவது ஆகிவிட்டால் என் அஜாக்கிரதையால்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், டாக்டர்.”

வணக்கம் அம்மா. அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். காற்றில் பரவும் ஒரு நோய், உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்கு வந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் அஜாக்கிரதையானவர்கள் இல்லை. நீங்கள் அஜாக்கிரதையாக இருப்பதாகக் கடிதத்தில் எங்கும் எனக்குப் படவில்லை. உங்கள் ஜாக்கிரதை முழுவதும் தவறான இடத்தில் போய்ச் செலவாகிறது என்றுதான் படுகிறது. பாக்கெட்டோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிற நீங்கள், மூடிய கூடத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு வரும் கணவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். தவறவிட்ட செக்கப்பைப் பற்றியும் அப்படித்தான். போகிற போக்கில் ஒரு வரி.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

உங்கள் மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வகத்தில் பிளாஸ்டிக் மேல் வைரஸை வைத்துப் பார்த்தார்கள். 72 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருந்ததைக் கண்டார்கள். அட்டையில் 24 மணி நேரம், செம்பில் 4 மணி நேரம். அந்த 72 மணி நேரம்தான் உலகம் முழுக்க ‘மூன்று நாள் வெளியே வை’ என்று சுற்றியது. ஆய்வில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அங்கே அளவெடுத்து நிறைய வைரஸை வைத்தார்கள்; நேரம் போகப் போக அது வேகமாகக் குறைந்துகொண்டே வந்தது. 72ஆவது மணியில் மிஞ்சியது சொற்பம். கடையில் யாரோ இருமிய துளி ஒன்று பாக்கெட்டில் விழுந்து, காய்ந்து, உங்கள் விரலில் ஒட்டி, அந்த விரல் கண்ணுக்கோ மூக்குக்கோ போய், நோய் வரும் அளவுக்கு வைரஸ் உள்ளே போக வேண்டும். இந்தச் சங்கிலி பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் இதைக் கணக்காகவே சொன்னது: வைரஸ் உள்ள ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. உணவுப் பொட்டலத்தைத் தொட்டதால் கோவிட் பரவுவதாகக் காட்டும் ஆதாரம் இல்லை. இத்தனைக்கும் அந்தச் சின்ன வாய்ப்பையும் அடைக்க ஒரே ஒரு வேலை போதும். சாமானை எடுத்து அடுக்கி முடித்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். சமைக்கும் முன், சாப்பிடும் முன் இன்னொரு முறை. அவ்வளவுதான். பாக்கெட்டைத் துடைத்தால்தான் மனசு ஆறும் என்றால் ஈரத்துணியால் துடையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கட்டாயம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பால், தயிர், இறைச்சி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. இவற்றை வெளியே வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கெட்டுப்போகக் கூடிய பொருள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. நல்ல வெயில் காலமாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். லிஸ்டீரியா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு அதிகம். அம்மாவுக்கு லேசான காய்ச்சல், உடம்பு வலியோடு போய்விடலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது கருக்கலைவாகவோ, குறைமாதப் பிரசவமாகவோ, பிறந்ததும் கடுமையான தொற்றாகவோ முடியலாம். இது ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்ல வளரக்கூடிய கிருமி, வாசலில் கேட்கவே வேண்டாம். பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான ஆபத்தைத் தவிர்க்கப் போய் இதை வீட்டுக்குள் அழைத்துவிடாதீர்கள். கடையிலிருந்து வந்ததும் பால் முதலில் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஃப்ரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்டரைஸ் செய்யாத பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

வாளியில் நடந்தது

ப்ளீச்சில் வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். உங்கள் கண்ணை எரித்தது அதுதான். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனரைச் சேர்த்தாலும் இதேபோல நச்சு வாயு கிளம்பும். நீங்கள் உடனே வெளியே வந்துவிட்டீர்கள், இருமல் அரை மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. இப்போது மூச்சு இழுப்பு, மார்பில் இறுக்கம் எதுவும் இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இருந்தால் இன்றே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ‘ப்ளீச்சும் வினிகரும் கலந்தேன்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2020 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 500 பேரிடம் கேட்டுப் பார்த்ததில், ஐந்தில் ஒருவர் உணவுப் பொருளை ப்ளீச்சில் கழுவியதாகச் சொன்னார். நீங்கள் தனி ஆள் இல்லை.

காய்கறி, பழத்துக்கு ப்ளீச் வேண்டாம், சோப்பு வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். தோலில் உள்ள நுண்துளை வழியாக உள்ளே போகும். எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கிவிடும். வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி, பேதி. கர்ப்பத்தில் இந்த மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்திருக்கும். ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். தோல் தடித்ததாக இருந்தால் ஒரு சின்ன பிரஷ் வைத்துத் தேயுங்கள். நறுக்குவதற்கு முன் கழுவுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் கத்தியே அழுக்கை உள்ளே கொண்டுபோயிருக்கும்.

கோவிட்டை மறந்துவிட்டுப் பார்த்தாலும் கர்ப்பிணிகளைக் காய்கறி கழுவச் சொல்ல எங்களுக்குக் காரணம் உண்டு. மண் ஒட்டியிருக்கும் காயில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், அது குழந்தையைப் பாதிக்கக் கூடியது. அதற்கும் ஓடும் தண்ணீர்தான் மருந்து. ஆகவே கழுவுவதை விடச் சொல்லவில்லை. வாளியையும் ப்ளீச்சையும் விடச் சொல்கிறேன்.

காயும் பழமும் இல்லாத சாப்பாடு எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறோம். உங்கள் 9.4 அதில் மிதமான வகை. பிரசவத்தின்போது எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும். கையிருப்பு குறைவாக வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்திருப்பார்கள். போடுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. போடாமல் விட்டிருந்தால் இன்றே தொடங்குங்கள். டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். ஒரு மணி, இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். புளிப்புப் பழம் ஏதாவது ஒன்றோடு போட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். உங்கள் மளிகைப் பட்டியலில் பழம் திரும்ப வருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கடைக்கு யார் போவது?

சரி, முக்கியக் கேள்விக்கு வருகிறேன். கோவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் பரவுகிறது. பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வரும் நுண்துளிகள் மூடிய இடத்தில் ஊதுபத்திப் புகைபோலத் தங்கி நிற்கும். ஏற்றியவர் எழுந்து போன பிறகும் அறையில் இருக்கும். ஆகவே ஒரு கடை உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மூன்று விஷயம் முடிவு செய்கிறது: உள்ளே எத்தனை பேர், காற்று எவ்வளவு ஓடுகிறது, நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்.

கர்ப்பிணிக்குத் தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கு இது: அறிகுறியோடு கோவிட் வந்த 15 முதல் 44 வயதுப் பெண்களில், கர்ப்பமாக இல்லாதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 4 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்குச் சுமார் 10 பேர். குறைமாதப் பிரசவமும் கொஞ்சம் கூடுகிறது. 2021இல் டெல்டா என்ற மாறிய வகை வைரஸ் பரவியபோது நிலைமை அதைவிடக் கடுமையாகத்தான் இருந்தது. அதே சமயம், ஆயிரத்தில் 990 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்குத் தொற்று போவது அரிது. இரண்டையும் சேர்த்து மனசில் வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால் ஒன்று அலட்சியம் வரும், இல்லை தூக்கம் போகும்.

மாமியாரை அனுப்பலாமா? அவருடைய அன்பு புரிகிறது, ஆனாலும் வேண்டாம். கோவிட்டில் வயதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. 64 வயதும் சர்க்கரையும் சேர்ந்தால், உங்கள் வீட்டு மூன்று பேரில் அதிகம் பாதுகாக்கப்பட வேண்டியவர் அவர்தான், நீங்கள்கூட இல்லை. இதை அவரிடம் நீங்கள் சொன்னால் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பார். கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இல்லை, டாக்டர் சொன்னார் என்று என் மேல் போடுங்கள்.

மிஞ்சுவது கணவர். அவர் திரும்பும் நேரம் சரியில்லை என்கிறீர்கள். ஷிப்டுக்குப் போவதற்கு முன், கடை திறக்கும் நேரத்தில், வாரம் ஒரு நாள் முடியாதா? அவருக்கு வார விடுமுறை நாள் என்று ஒன்று இருக்குமே. ‘மனைவி நிறைமாதத்தை நெருங்குகிறார்’ என்று எங்களிடம் கடிதம் வாங்கி, ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம். கேட்டவுடன் கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். பலர் கேட்பதே இல்லை என்பதுதான் நான் பார்ப்பது.

இதைவிட எளிது வீட்டுக்கு வரவழைப்பது. அல்லது கடைக்குப் போனில் பட்டியலைச் சொல்லிவிட்டு, கட்டி வைத்ததும் வாசலில் நின்று வாங்கிக்கொள்வது. கொண்டுவருபவர் மூலம் தொற்றாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘பையை வாசலில் வைத்துவிட்டு அழைப்பு மணி அடியுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பணத்தையும் போனிலேயே கட்டிவிடுங்கள். அவர் நகர்ந்த பிறகு கதவைத் திறக்கலாம். நேரில் பார்த்தே ஆக வேண்டி வந்தாலும், திறந்த வெளியில் இருவரும் மாஸ்க் போட்டு அரை நிமிடம் நிற்பது எங்கே, கடைக்குள் முக்கால் மணி நேரம் சுற்றுவது எங்கே! ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர் மேல் கிருமிநாசினி தெளிக்காதீர்கள். சில வீடுகளில் நடந்திருக்கிறது. அதனால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த மனிதரின் கண்ணுக்குத்தான் கெடுதல்.

நீங்களே போக வேண்டி வந்தால்

போகக் கூடாது என்று இல்லை. கர்ப்பிணியைத் தூணோடு கட்டிவைத்தது போல வீட்டுக்குள் வைப்பதும் நல்லதல்ல. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதல், நடமாட்டம் வேண்டும். கொஞ்சம் திட்டமிட்டுப் போங்கள்.

கடை திறந்த முதல் அரை மணி நேரம் நல்லது. அப்போது கூட்டமும் குறைவு, உள்ளே இருக்கும் காற்றும் இரவு முழுக்க யாரும் மூச்சுவிடாத காற்று. தினமும் ஒரு பொருள் என்று ஐந்து நாள் போவதைவிட, பத்து நாளைக்கு ஒருமுறை பட்டியலோடு போவது மேல். பட்டியலைக் கடை அடுக்கு இருக்கும் வரிசையிலேயே எழுதிக்கொண்டால் ஒரே சுற்றில் வெளியே வந்துவிடலாம். திறந்தவெளிச் சந்தை பக்கத்தில் இருந்தால் மூடிய பெரிய கடையைவிட அது நல்லது, நெரிசல் இல்லாதவரை. உள்ளே நுழைந்ததும் கூட்டமாகத் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். வந்தது வந்துவிட்டோம் என்ற நினைப்புதான் பல பேரை மாட்டிவைக்கிறது.

மாஸ்க் பற்றி. அது குழந்தையின் ஆக்ஸிஜனைக் குறைக்காது. ஆக்ஸிஜன் மூலக்கூறு மாஸ்க்கின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும். உங்களுக்கு மூச்சு வாங்குவது போல இருப்பதற்குக் காரணம் கர்ப்பம்: உதரவிதானத்தைக் கருப்பை மேலே தள்ளியிருக்கிறது, ஹார்மோன் மூச்சை ஆழமாக இழுக்க வைக்கிறது. மாஸ்க் இல்லாமல் மாடிப்படி ஏறினாலும் இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 அல்லது மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போடுங்கள். மூக்குக் கம்பியை அழுத்திவிடுங்கள். மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கடைக்குள் மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு மூச்சு வாங்க வேண்டாம். முடியவில்லை என்றால் வெளியே வந்து, ஆள் இல்லாத இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஏதாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றால் கர்ப்பிணிக்குத் தலைசுற்றல் சீக்கிரம் வரும். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கிவிடுகிறது, உங்களுக்கோ ஹீமோகுளோபினும் குறைவு. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நில்லுங்கள். 2020இல் பல நாடுகளில் கடைகள் முதியோருக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் தனி நேரம் ஒதுக்கின. அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் ‘ஏழு மாதம், முன்னால் விடுகிறீர்களா’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கனமான மூட்டையை நீங்கள் தூக்காதீர்கள். மாவு, தானியம் போன்றவை வீட்டுக்கே வரட்டும்.

சானிடைசர் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதாக இருக்கட்டும். கை காய்ந்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போக வேண்டும். கையுறை தேவையில்லை, கையுறை போட்ட கையால் மூக்கைச் சொறிந்துகொள்பவர்களை தினமும் பார்க்கிறேன்.

கணவரும் தடுப்பூசியும்

உங்கள் வீட்டுக்குள் கோவிட் வந்தால், அது மளிகைப் பையில் ஏறி வருவதைவிட, மூடிய கூடத்தில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வரும் மனிதர் வழியாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். இது அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை. வேலையிடத்தில் மாஸ்க்கைக் கழற்றாமல் இருப்பதும், சாப்பாட்டைத் தனியாகவோ திறந்த வெளியிலோ சாப்பிடுவதும் அவர் கையில் இருப்பவை. மாஸ்க் கழற்றும் சாப்பாட்டு நேரம்தான் ஆபத்தான நேரம். வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அவருக்குத் தொண்டை கரகரத்தாலே போதும், பரிசோதனை முடிவு வரும்வரை தனி அறை. அந்த நாட்களில் எல்லோரும் வீட்டுக்குள்ளும் மாஸ்க். சளிதானே என்று இரண்டு நாள் பார்க்க வேண்டாம்.

தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பிறகு போடலாம் என்று வீட்டில் சொல்வது அக்கறையில் சொல்வதுதான். ஆரம்பத்தில் நாங்களும் தயங்கினோம், ஏனென்றால் முதல் கட்டச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. இப்போது தகவல் வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் எம்ஆர்என்ஏ வகைக் (ஃபைசர், மாடர்னா) கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட 35,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் தகவலை வெளியிட்டார்கள். பாதுகாப்பில் கவலைப்படும்படி எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே பரிந்துரைத்தது. நோய் கடுமையாவது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் அதிகம் என்பதால், ‘பிறகு’ என்பது உங்களுக்கு மிக வேண்டிய நேரத்தில் பாதுகாப்பில்லாமல் விடுவது. உங்களில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தில் ஒரு பங்கு தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போடலாம்.

முடிவு உங்களுடையது. உங்கள் உடம்பு, கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டிய விஷயம் இல்லை. முன்பு ஊசிக்கோ மருந்துக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற இருவரும் போட்டுவிட வேண்டும், அதற்கு யோசனையே தேவையில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், இருமல் வந்தால், மணம் தெரியாமல் போனால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பாராசிட்டமால் போடலாம். ஐபுப்ரோஃபென் வேண்டாம், 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். போனில் சுற்றும் மருந்துச் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கவே கூடாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் கர்ப்பிணிக்கு 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; 94 என்றால் ‘பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் 94தான்’ என்று இருந்துவிடாதீர்கள். பேசும்போது மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, உதிரப்போக்கு அல்லது நீர் கசிந்தாலோ, கண் மங்கித் தலைவலி வந்தாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். அசைவு குறைந்தால் காலை வரை பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

தவறவிட்ட செக்கப் பாக்கி இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வோம். உங்களுக்கு அது நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். ரத்த அழுத்தம் ஏறினால் ஆரம்பத்தில் வெளியே எதுவுமே தெரியாது, அளந்து பார்த்தால்தான் உண்டு. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காத்திருக்கும் இடத்தில் எப்போது கூட்டம் இருக்காது என்று கேட்டு, அந்த நேரத்துக்கு நாள் குறியுங்கள். முறை வரும்வரை வாசலில் நிற்க அனுமதித்து, வந்ததும் போனில் கூப்பிடுவார்களா என்றும் கேளுங்கள். கோவிட் பரவிய காலத்தில் பல இடங்களில் செய்தார்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்களா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்கும்.